புள்ளி விழும் நிப்பு

கடையில் புதிய மைப்பேனாவைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுப் பார்ப்பார்கள், அல்லது எட்டு எட்டாகச் சுழித்துப் பார்ப்பார்கள். நான் ‘கற்றுக்கொள்கின்றேன்’ என்று எழுதுவேன். அந்த ஒரே சொல்லில் ஐந்து மெய்யெழுத்துகள் இருப்பதால் ஐந்து புள்ளிகள் வைத்தாக வேண்டும். கோடு இழுக்கும்போது தடையின்றி ஓடுகிற பல நிப்புகள், தாளை ஒரு கணம் தொட்டு எடுக்கும் புள்ளியில்தான் தோற்றுப்போகின்றன. தமிழில் ஒரு முழுப் பக்கம் எழுதினால் நூற்றுக்கணக்கில் புள்ளி வைக்கிறோம். ஓலையில் எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று நம் முன்னோர் புள்ளியையே விட்டுவிட்டார்கள். தாளில் எழுதும் நமக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே, தமிழில் எழுதுகிறவர் ஒரு பேனாவிடம் முதலில் எதிர்பார்க்க வேண்டியது, தொட்ட மாத்திரத்தில் மை இறங்குவதைத்தான். விலையும் பெயரும் தங்கமும் அதற்குப் பிறகே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிப்பை மைப்புட்டியில் தோய்த்து எழுதிப் பார்ப்பது சோதனையே ஆகாது. தோய்த்த நிப்பில் மை தேவைக்கு மேல் நிறைந்திருப்பதால் எந்தப் புள்ளியும் தவறாது விழும். மையை முறையாக நிரப்பி, அரைப் பக்கம் எழுதி, மூடியைத் திறந்தபடியே ஓரிரு நிமிடம் விட்டு, மறுபடியும் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

புள்ளி விழாததற்கு முதற்காரணம் நிப்பின் நுனியில் இருக்கிறது. அங்கே கடினமான உலோகக் குமிழ் ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை இரிடியம் என்று சொன்னாலும், இன்று அது ஆஸ்மியம், ருத்தீனியம் போன்றவை சேர்ந்த உலோகக் கலவைதான். அந்தக் குமிழை நடுவில் பிளந்து செல்லும் கீறல் வழியாக மை இறங்குகிறது. மும்பை ஜவேரி பஜாரில் நகைத் தொழிலாளர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கி, நிப்பை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், அதுவரை சொல்லிக் கேட்டதெல்லாம் கண்முன்னே தெரியும். சில நிப்புகளில் ஒரு பாதி மற்றதைவிட மயிரிழை உயர்ந்திருக்கும். உயர்ந்த பாதியை நகத்தால் மெல்லக் கீழே அழுத்தினாலே அது சரியாகிவிடும். வேறு சிலவற்றில் இரண்டு பாதிகளும் ஒரே மட்டத்தில்தான் இருக்கும், ஆனால் மிகையாக மெருகேற்றியதால் கீறலின் இரு ஓரங்களும் உட்புறமாக வளைந்து, மை தாளைத் தொடாமல் சற்று மேலேயே நின்றுவிடும். அழுத்தி இழுத்தால் மை தாளைத் தொடுகிறது. மெல்லத் தொட்டு எடுத்தால் தொடுவதில்லை. வெண்ணெயாக வழுக்கி ஓடுகிறது என்று நாம் மெச்சிக்கொள்ளும் நிப்புகளிலேயே இந்தக் குறையை மிகுதியாகக் காண்கிறேன். இதைத் தீர்க்க நுனியை மிக நுண்ணிய உரைதாளில் சிறிது தேய்க்க வேண்டும். தேய்த்த உலோகம் திரும்பி வராது என்பதால், தங்க நிப்பாக இருந்தால் அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுப்பதே நல்லது.

நிப்பின் அகலமும் நம் எழுத்துக்குப் பொருந்த வேண்டும். மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் சாதாரண அளவில், ஐரோப்பிய மீடியம் நிப்பால் எழுதிப் பாருங்கள்: சுழிகள் மையால் அடைபட்டு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஜப்பானில் 1911இல் தொடங்கிய செய்லர், 1918இல் தொடங்கிய பைலட், 1919இல் தொடங்கிய பிளாட்டினம் ஆகிய மூன்று நிறுவனங்களும், பல கோடுகள் நெருங்கி நிற்கும் தங்கள் எழுத்துகளுக்கேற்ப நிப்புகளைச் செய்வதால், அவற்றின் ஃபைன் நிப்பு ஐரோப்பிய ஃபைனைவிட ஏறத்தாழ ஒரு படி மெலிதாக இருக்கும். தமிழுக்கு அதுவே ஏற்றது என்பது என் துணிபு. தங்கம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம்: அக்காலத்து அமிலத்தன்மை மிக்க மைகள் எஃகை அரித்ததால்தான் நிப்புக்குத் தங்கம் வந்தது. 14 காரட் நிப்பில் 58.5 சதவீதம் தங்கம். அதன் மென்மையான வளைவு எழுதும் கைக்கு இதமானது. ஆனால், புள்ளி வைப்பதில் ஒழுங்காகச் சீர்செய்த எஃகு நிப்பு அதற்குச் சற்றும் குறைந்ததன்று.

நான் சேர்த்திருப்பவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை நம் நாட்டு எபொனைட் பேனாக்கள். ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கிய பொருள் எபொனைட். அதைக் கடைசலில் வைத்துக் கையால் கடைந்து பேனா செய்யும் தொழில், சுதேசி இயக்கத்தின் உந்துதலால் 1930களில் ராஜமுந்திரியில் ரத்னம் பேனாக்களாகத் தொடங்கி, நம் திருவள்ளூரில் ரங்கா பேனாக்களாக இன்றும் நடக்கிறது. மும்பைக்கும் இதில் தனிப் பங்கு உண்டு. கேமல் மையைத் தந்த கேம்லின் 1931இல் இங்கேதான் தொடங்கியது. ஏர்மெயில் நிறுவனத்தின் வாலிட்டி பேனாக்களும் இந்நகரத்தவையே. இவற்றில் பல, உடற்பகுதிக்குள் நேரடியாகத் துளிக்குழாயால் மை ஊற்றும் வகை. மற்றப் பேனாக்களில் மையை உறிஞ்சி வைக்கும் சிறு குழாயான கன்வெர்ட்டரில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவாகவே மை கொள்ளும். இவற்றில் மூன்று, நான்கு மில்லிலிட்டர் கொள்ளும்.

இந்த வகைப் பேனாக்கள் மை கக்கும் என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது உண்மைதான், ஆனால் காரணம் தெரிந்தால் தவிர்க்கலாம். மை குறையக் குறைய உள்ளே காற்று நிறைகிறது. செம்பூரிலிருந்து ஃபோர்ட்டுக்குத் தினமும் ரயிலில் போய்வரும் எனக்கு, ஏசி அலுவலகத்தின் 26 டிகிரியிலிருந்து ரயில் நெரிசலில் சட்டைப் பையின் 36 டிகிரிக்குப் பேனா சில நிமிடங்களில் மாறிவிடுகிறது. உள்ளே 2 மில்லிலிட்டர் காற்று இருந்தால் அது ஏறத்தாழ 3 சதவீதம் விரிந்து, 0.06 மில்லிலிட்டர் மையை, அதாவது ஒரு துளிக்கும் சற்று அதிகமானதை, வெளியே தள்ளும். மூன்றில் ஒரு பங்கு மீதமிருக்கும்போதே மையை நிரப்பிவிட்டாலும், பேனாவை நிப்பு மேல்நோக்கி இருக்கும்படி செருகினாலும் இந்தத் தொல்லை பெரிதும் அடங்கும். எபொனைட் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதும், அதன் சுவர் தடிமனானது என்பதும் இங்கே கைகொடுக்கின்றன. கழுத்துப் பகுதியின் மரையில் சிறிது சிலிக்கோன் கிரீஸ் தடவிவிட்டால் கசிவும் இராது.

நிப்புக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் கருப்புக் கட்டையையும் கவனிக்க வேண்டும். மை கீழே இறங்கவும், அதற்கு ஈடாகக் காற்று மேலே போகவும் கட்டையில் வாய்க்கால் வெட்டி, மை ஒழுங்காக ஓட வழி கண்டு, நியூயார்க்கில் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்றார். கட்டைக்கும் நிப்புக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் மை விட்டுவிட்டுத்தான் வரும். எபொனைட் கட்டையாக இருந்தால், நிப்பும் கட்டையும் மட்டும் நனையும்படி சுடுநீரில் சிறிது நேரம் பிடித்து, நிப்போடு சேர்த்து அழுத்தி ஆறவிட்டால் அது வளைந்து ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் கட்டை அப்படி வளைந்து கொடுக்காது.

சுடுநீரில் இறங்கலாமென்பது கட்டைக்கு மட்டுமே. எபொனைட் உடலை நீரில் ஊறவைத்தாலோ வெயிலில் வைத்தாலோ அதன் கருமை மங்கிப் பழுப்பாகிவிடும். ஆகவே, கழுவும்போது கழுத்துப் பகுதியை மட்டும் சாதாரணத் தண்ணீரில் விட்டு, நிறம் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசுகிறேன். காய்ந்த மை பிடிவாதமாக இருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி போதும். ஸ்பிரிட், சானிடைசர் ஆகியவை அக்ரிலிக் பேனாக்களில் விரிசல் உண்டாக்கும். அவற்றை அருகிலேயே கொண்டுவரக் கூடாது. ஓவியத்துக்கான இந்தியன் இங்க்கையும் ஊற்றக் கூடாது, அதில் சேரும் அரக்கு கட்டையின் வாய்க்கால்களை அடைத்துவிடும். இரும்புச் சத்துள்ள நிலைத்த மைகளைப் பயன்படுத்துகிறவர்கள், பேனாவில் மையைக் காயவிடாமல் அடிக்கடி அலசிக்கொள்ள வேண்டும்.

ஜூன் மாதம் மழை இறங்கியதும் மும்பையில் எல்லாமே மாறிவிடுகின்றன. தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், மே மாதத்தில் கூர்மையாக விழுந்த புள்ளி ஜூலையில் ஊறிப் பரவிவிடுகிறது. குறை பேனாவில் இல்லை. குறிப்பேடுகளை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பதும், மை குறைவாக விடும் மெல்லிய நிப்புக்கு மாறுவதும் பயன் தருகின்றன. தோல் உறையில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அந்த நான்கு மாதமும் பேனாக்களைத் துணி உறையில் வைக்கிறேன். மைப்புட்டியிலும் பூஞ்சை வரலாம். புட்டியைத் திறந்ததும் மேற்பரப்பில் ஏடு படிந்திருந்தாலோ முடைநாற்றம் அடித்தாலோ அந்த மையை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் கொட்டிவிட வேண்டும். நிப்பை நேராகப் புட்டியில் அமிழ்த்தாமல், வேண்டிய மையைச் சிறு குப்பியில் எடுத்து நிரப்பினால் ஒரு பேனாவின் அழுக்கு மற்றொன்றுக்குப் பரவாது.

ஒரே நேரத்தில் மூன்று பேனாக்களுக்கு மேல் மை ஊற்றுவதில்லை. மற்றவை கழுவி, உலர்ந்து, தங்கள் முறைக்குக் காத்திருக்கும். பக்கத்திலுள்ள நெம்புகோலை இழுத்து மை நிரப்பும் பழைய லீவர் பேனாக்களை மட்டும் இந்தச் சுற்றில் சேர்ப்பதில்லை. அவற்றின் உள்ளே இருக்கும் ரப்பர் பை, வெப்பமும் ஈரமும் பட்டு நாளடைவில் இளகிப் பசையாகிவிடும். வெளிர்நிற செல்லுலாய்டாக இருந்தால் பையிலிருந்து வரும் கந்தக ஆவி அதைப் பழுப்பாக்கிவிடும். அதனால் மழை முடிந்து அக்டோபரில் அவற்றின் கழுத்தைக் கழற்றிப் பையை விரலால் அழுத்திப் பார்த்து, மிருதுவாக மீண்டு வந்தால் மட்டுமே மை நிரப்புகிறேன். விரலில் ஒட்டினால் புதிய பை மாற்றக் கொடுத்துவிடுகிறேன்.