மார்கழி நடுக்கம்

27 டிசம்பர் 2024, வெள்ளி

அப்பாவின் இரும்புக் கட்டில் சுவரில் டக் டக்கென்று இடிக்கும் சத்தத்தில் விழிப்பு வந்தது. மணி மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. லைட்டைப் போட்டால், அப்பா எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கை, தோள், தாடை எல்லாம் நடுங்குகிறது. "குளிருதும்மா, ஒண்ணுமில்ல, நீ போய்ப் படு" என்றார். அந்த 'படு'வே உதறிக்கொண்டுதான் வந்தது.

ஃபேனை நிறுத்திக் கம்பளி போர்த்தி, பால் காய்ச்சிக் கொடுத்தேன். சுகர்க்காரர் என்பதால் சர்க்கரை போடவில்லை. டம்ளரை அவரால் பிடிக்க முடியவில்லை, நான்தான் புகட்டினேன். அரைமணி நேரத்தில் அடங்கித் தூங்கிவிட்டார். ஐந்தரைக்கு எதுவும் நடக்காத மாதிரி குளித்து, திருமண் இட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். கேட்டால் மார்கழிப் பனியாம். எழுபத்தொரு மார்கழி பார்த்தவருக்கு இந்த வருஷம்தான் பனி தெரிகிறதா?

29 டிசம்பர், ஞாயிறு

நேற்று இரவும் அதேதான். இந்த முறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 97.6. காய்ச்சல் இல்லை. தெருமுனை க்ளினிக்கில் "வைரல்தான், இப்போ எல்லாருக்கும் இருக்கு" என்று பாரசிட்டமால் எழுதிக் கொடுத்தார்கள். காய்ச்சலே இல்லாதவருக்கு எதற்கு என்று கேட்டதற்கு, வந்தால் போடுங்கள் என்றார்கள்.

எதிர்வீட்டு அக்கா, ராத்திரி கொல்லைப்பக்கம் போகும்போது எதையோ பார்த்துப் பயந்திருப்பார், திருநீறு மந்திரித்துப் போட்டால் சரியாகிவிடும் என்றார். நாமக்காரர் வீட்டில் திருநீறா என்று அப்பாவுக்கு அதில் வேறு கோபம். கோயம்புத்தூரிலிருந்து தம்பி, "அக்கா, ஃபிட்ஸா இருக்குமா?" என்றான். இருக்காது என்றுதான் தோன்றுகிறது. நடுங்கும்போதும் அப்பா கேட்டதற்குப் பதில் சொல்கிறார், கண் செருகவில்லை. பார்க்கின்சன்ஸ் என்று இன்னொரு சொந்தக்காரர். அந்த நடுக்கம் பகலில் கை சும்மா இருக்கும்போது தெரியும். அப்பா பகலில் ஊசியில் நூல் கோக்கிறார்.

லேபில் தைராய்டு நார்மல். வெறும் வயிற்றில் சுகர் 148. கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று எல்லாரும் சேர்ந்து அவருடைய ராத்திரிச் சாப்பாட்டில் கை வைத்தோம். கடைவாய்ப் பல் பிடுங்கியதிலிருந்து ராத்திரிக்கு அவர் குடிப்பதே ஒரு கிண்ணம் ரவைக் கஞ்சிதான்.

31 டிசம்பர், செவ்வாய்

ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து, வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பத்து நாள் உற்சவம், தொடங்கிவிட்டது. வெளியூர்க் கூட்டம், உத்தர வீதியில் நடக்க முடியவில்லை. அப்பா அரையர் சேவை (பாசுரங்களைப் பாடி அபிநயிப்பது) கேட்டுவிட்டு வந்து பத்து நிமிஷம் அதைப் பற்றியே பேசினார். ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

1 ஜனவரி 2025, புதன்

புத்தாண்டு வெடிச் சத்தம் ஓய்ந்து, மறுபடியும் மூன்று மணி வாக்கில். இந்த முறை பயத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. தலையணையில் தலை இருந்த இடம் நனைந்து கிடந்தது. நெற்றியைத் தொட்டால் சில்லென்று பிசுபிசுப்பு. நாடி தடதடவென்று ஓடுகிறது. என்னைப் பார்த்து என் மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். துடைக்கப் போன கையைத் தட்டிவிட்டு, "எல்லாரும் ஏன் என்னைச் சுத்தி நிக்கிறீங்க?" என்று கத்தினார். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். என்னை அதட்டிக்கூடப் பேசாத மனிதர்.

காலையில் மாடியில் குடியிருக்கும் சிஸ்டர் நைட் டியூட்டி முடிந்து படியேறும்போது பிடித்துக்கொண்டேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வேர்க்குதா?" ஆமாம் என்றதும் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டார். குளிர்காய்ச்சல் நடுக்கம் என்றால் அந்த நேரத்தில் வேர்க்காதாம். காய்ச்சல் ஏறி இறங்கும்போதுதான் வேர்வை வரும். நடுக்கமும் வேர்வையும் ஒன்றாக, அதுவும் சுகர் மாத்திரை போடுபவருக்கு நடுராத்திரியில் வந்தால், முதலில் மீட்டரை எடு என்றார். காலையில் பார்க்கிற சுகர் ராத்திரிக் கதையைச் சொல்லாதாம். தன் குளுக்கோமீட்டரையும் பத்து ஸ்ட்ரிப்பையும் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார்.

3 ஜனவரி, வெள்ளி

51.

ராத்திரி 2.40. கட்டில் சத்தத்துக்காகக் காதை வைத்துக்கொண்டு படுத்திருந்ததால் முதல் இடிக்கே எழுந்துவிட்டேன். விரலை ஈரத்துணியால் துடைத்து ஊசி குத்தினால், அவர் கை ஆடுகிற ஆட்டத்தில் ரத்தத்துளி ஸ்ட்ரிப்பில் படவே மாட்டேன் என்கிறது. அவர் மணிக்கட்டை என் முழங்காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தொட்டேன். ஐந்து விநாடியில் எண் வந்தது. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை, 54க்குக் கீழே என்றால் ஆபத்தான அளவு என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்.

மூன்று ஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். "எனக்குப் போய் சர்க்கரையா?" என்று அந்த நேரத்திலும் தகராறு. கால் மணி நேரம் கழித்து 68. மறுபடியும் அதே அளவு. அப்புறம் 94. நடுக்கம் நின்று, கண்ணில் ஆள் தெரிந்தார். மாரி பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடக் கொடுத்தேன். சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கிவிடும், பின்னாலேயே ஏதாவது ஆகாரம் போக வேண்டும். ஆள் நினைவில்லாமல் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதே, புரையேறி நுரையீரலுக்குப் போகும், 108க்குப் போன் செய் என்றும் சிஸ்டர் சொல்லியிருக்கிறார்.

4 ஜனவரி, சனி

சுகர் டாக்டரைப் பார்க்கத் திருச்சி தில்லைநகர் போனோம். டோக்கன் முப்பத்திரண்டு. உட்கார்ந்திருந்த நேரத்துக்கு ஏற்ப நிதானமாகவே பேசினார்.

அப்பா காலையும் ராத்திரியும் போடுவது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை இப்படித் தாழ்த்துவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியில்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலின் எடுக்கும். கஞ்சி குடித்த வயிற்றுக்கும் அதே மாத்திரை, நாலு இட்லி சாப்பிட்ட வயிற்றுக்கும் அதே மாத்திரை. போதாததற்கு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.7, கொஞ்சம் அதிகம். சிறுநீரகம் மந்தமானால் மருந்து வெளியேறத் தாமதமாகி உடம்பிலேயே தங்கிவிடும். அப்போது ஒரு தடவை சர்க்கரை கொடுத்து ஏற்றினாலும் சில மணி நேரம் கழித்து மறுபடியும் இறங்கலாம்.

சர்க்கரை குறைந்ததும் உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. கல்லீரல் சேமித்து வைத்ததை அது வெளியே எடுக்க வைக்கிறது. நடுக்கம், வேர்வை, படபடப்பு எல்லாம் அதன் வேலை. மூளைக்குச் சர்க்கரை போதாதபோதுதான் பெயர் மாறுவதும் கோபமும். காலையில் 148 காட்டியதில் ஆச்சரியமே இல்லையாம். விடியற்காலையில் கல்லீரல் எப்படியும் கொஞ்சம் சர்க்கரை விடும்.

பெரியப்பா மாதிரி பிரஷருக்கு அட்டெனோலால் போடுகிறவர்கள் என்றால் இந்த நடுக்கம்கூட மட்டுப்பட்டு, வெறும் வேர்வை மட்டும் தெரியுமாம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அடிவயிறு கலங்கியது.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1 சதவீதம். தெருவில் எல்லாரிடமும் அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த எண். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. இந்த வயதில், இந்தச் சிறுநீரகத்தோடு, ஏழரை எட்டு வரை இருந்தால் போதும், ஆறு வேண்டாம் என்றார். அப்பாவின் முகம் மார்க் குறைத்துவிட்ட பையனின் முகம் மாதிரி ஆகிவிட்டது. கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு லினாக்ளிப்டின் என்ற வேறு வகை சுகர் மாத்திரை, மெட்ஃபார்மின் பாதி. ஒரு வாரம் ராத்திரி மூன்று மணிக்கு மீட்டர்.

8 ஜனவரி, புதன்

மூன்று மணிக்கு 118. நேற்று 131. அப்பா கண்ணைத் திறக்காமலே விரலை நீட்டிவிடுகிறார்.

பிரச்சினை இப்போது வேறு. வெள்ளிக்கிழமை வைகுண்ட ஏகாதசி. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில்கூட நீர் மட்டும் குடித்து இருந்தவர். "அந்த மாத்திரைய நிறுத்தியாச்சே, இனிமே என்ன?" என்கிறார். டாக்டரிடம் போனில் கேட்டேன். பழைய மருந்து போய்விட்டதால் பயம் குறைவு, ஆனாலும் முழுப் பட்டினி வேண்டாம் என்றார். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை என்று எழுதத்தான் ஆசை, பேசிக்கொண்டேதான் இருந்தார்.

11 ஜனவரி, சனி

நேற்று ஒருவழியாக உடன்பாடு. அரிசி கிடையாது. காலையில் பால், மதியம் கோதுமை ரவை உப்புமா குழைவாக, ராத்திரி வாழைப்பழமும் பாலும். சொர்க்கவாசல் திறக்கும் நேரத்தில் கூட்டத்தில் நிற்கக் கூடாது, டிவியில் பார்க்கலாம். ரத்தினக் கவசமான ரத்னாங்கியில் உற்சவர் நம்பெருமாள் வாசலைக் கடந்தபோது அப்பா டிவி முன்னால் எழுந்து நின்றுகொண்டார். பகலிலும் இரண்டு முறை மீட்டர் வைத்தேன், 100க்குக் கீழே வரவில்லை.

இன்று விரதம் முடிக்கும் துவாதசிப் பாரணை. அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய். கீரையை மசித்துக் கொடுத்ததால் பல் இல்லாதது தெரியவில்லை. பல்செட்டுக்கு அளவெடுக்கப் பொங்கல் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை சர்க்கரைப் பொங்கல் எவ்வளவு வைப்பது என்ற பேச்சை அப்பாவே ஆரம்பித்துவிட்டார். ஆறு வேண்டாம், எட்டு வரை போகலாம் என்று டாக்டரே சொன்னாராம். நெய் முந்திரிக்கு இதில் சம்பந்தமே இல்லையாம்.