பதினேழுக்கு அப்புறம்

கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தின் முன்னறையில் பல வருடங்களாகப் பக்கம் அமைக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், கல்லூரி மலர், ஆய்வேடு என்று வருவதையெல்லாம் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் பாமினி எழுத்துருவை வைத்துத்தான் செய்துவந்தோம். கணக்கும் எண்களும் மிகுந்த நூல்களுக்குப் பக்கம் அமைக்கும் லாடெக் என்ற மென்பொருளின் பெயரை எனக்கு முதலில் சொன்னவள் ஒரு கணித ஆராய்ச்சி மாணவி. சமன்பாடுகளை வேர்டில் அடித்து எடுத்து வந்திருந்தாள். நடுவில் ஒன்றைச் சேர்த்ததும் அதற்குப் பின்னால் இருந்த எண்கள் எல்லாம் தவறிப்போயிருந்தன.

"அக்கா, எங்க கைடு லாடெக்லதான் வேணும்னு சொல்லிட்டாங்க. எனக்கு அடிப்படை தெரியும், நான் சொல்லித் தர்றேன். நீங்க அடிச்சுக் கொடுப்பீங்களா?"

சரி என்றேன். கணக்கு எனக்குப் பழக்கமில்லை, ஆனால் அவள் பொறுமையாகச் சொல்லித் தந்தாள். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாக எழுதலாம். 4, 9, 14, 19 என்று ஐந்து ஐந்தாக ஏறும் எண்களை இப்படிப் பிரித்தால், கிடைக்கும் விதங்களின் எண்ணிக்கை எப்போதும் ஐந்தால் வகுபடும் என்று கண்டவர் ராமானுஜன். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வளர்ந்த வீட்டைக் கடந்துதான் தினமும் கடைக்கு வருகிறேன். அவர் போட்ட கணக்கில் ஒன்றை எனக்குப் புரியும்படி ஒருவர் சொன்னது அன்றுதான்.

முதல் நாள் திரையில் பக்கமே இல்லை. வெறும் எழுத்து, இடையிடையே பேக்ஸ்லாஷ் போட்ட கட்டளைகள், நெளிவு அடைப்புக்குறிகள். அந்தக் கோப்பை லாடெக்கில் ஓட்டினால்தான் பக்கமாக வரும். தலைப்பு எத்தனை பாயிண்ட், நடுவிலா ஓரத்திலா என்று கை தானாகத் தேடியது. "அதெல்லாம் இப்ப வேணாம்க்கா. இது தலைப்புன்னு மட்டும் சொல்லுங்க, இது தேற்றம்னு சொல்லுங்க" என்றாள். அதுவரை நான் ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியாகத் தேர்ந்து, பெரிதாக்கி, தடிமனாக்கிக்கொண்டிருந்தேன். பேஜ்மேக்கரிலும் தலைப்புகளை ஒரே இடத்தில் அமைக்க ஸ்டைல் என்ற வசதி உண்டு. எங்கள் கடையில் யாரும் அதைத் தொட்டதில்லை. ஒரு வரி என்னவாக இருக்கிறது என்பதை முதலில் எழுதிவிட வேண்டும், எப்படித் தெரிய வேண்டும் என்பதை ஒரே இடத்தில் ஒரே முறை தீர்மானிக்க வேண்டும். இந்த வேலையில் நான் கற்றதில் பெரியது இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்தக் கருவி பிறந்த கதையையும் அவள்தான் சொன்னாள். அமெரிக்கக் கணினியியல் பேராசிரியர் டொனால்ட் குனூத்துக்கு 1977-ல் தன் நூலின் இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்புக்கான அச்சுப் படிகள் வந்தன. ஈய எழுத்தை விட்டுவிட்டு ஒளியச்சு முறையில் கோத்திருந்த அந்தப் பக்கங்கள் அவர் மனதுக்குப் பிடிக்கவில்லை. தானே ஒரு எழுத்துக்கோப்பு முறையை எழுதத் தொடங்கினார். அதுதான் டெக். அதன்மேல் 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் அமைத்தது லாடெக். தன் பக்கம் சரியாக வரவில்லையே என்று வருந்தி, அதைச் சரிசெய்வதற்காகவே வருடக்கணக்கில் உழைத்த ஒருவரின் மனதை என்னைப் போன்றவர்களால் புரிந்துகொள்ள முடியும்.

முதல் இரண்டு வாரம் பிழைகளோடுதான் போனது. அவளுடைய ஆய்வில் தொடர்பின்னங்கள் நிறைய. பின்னத்துக்குக் கீழே பின்னம், அதற்குக் கீழே இன்னொன்று. ஓர் அடைப்பை மூட மறந்தால் போதும், 'ரன்அவே ஆர்கியுமெண்ட்' என்று வரும். ஒரு தவறுக்கு இருபது செய்திகள் கொட்டும். எல்லாவற்றையும் படித்துக் குழம்பினேன். முதல் செய்தியை மட்டும் படித்து, அதில் உள்ள வரி எண்ணுக்குப் போய், அதைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். மற்றவை பெரும்பாலும் அதோடு போய்விடும். அடைப்புக்குறி இரண்டையும் முதலிலேயே போட்டுவிட்டு நடுவில் எழுதும் பழக்கமும் அப்போது வந்ததுதான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஆங்கிலத்தில் வந்த செய்தி, அதற்குத் தமிழில் பொருள், எனக்கு எதனால் வந்தது என்று எழுதிவைத்தேன். அந்த நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது.

சமன்பாட்டுக்கு ஒரு பெயர் கொடுத்து, வேண்டிய இடத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் எண்ணைக் கருவியே போட்டுக்கொள்ளும். முதல் முறை ஓட்டும்போது எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறிகள்தான் தெரிந்தன. எதையோ கெடுத்துவிட்டேன் என்று பயந்தேன். முதல் ஓட்டத்தில் எண்களைக் குறித்துவைத்து, இரண்டாவது ஓட்டத்தில்தான் அவற்றை உரிய இடத்தில் நிரப்புகிறது. பிறகு அவளுடைய கைடு மூன்றாம் இயலை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். பழைய முறையில் அது எனக்கு மூன்று ராத்திரி வேலை. இங்கே ஒரு வரியைச் சேர்த்து இரண்டு முறை ஓட்டினேன். பொருளடக்கம், சமன்பாட்டு எண்கள், "மேலே கண்ட தேற்றம்" என்ற குறிப்புகள் எல்லாம் தாமாக மாறி நின்றன. அந்தப் பொருளடக்கத்தை மேலும் கீழும் பலமுறை பார்த்தேன்.

அந்த ஆய்வேடு ஆங்கிலம். தமிழுக்கு வந்தபோது வேறு பாடங்கள் காத்திருந்தன. விவசாயிகள் சிலர் சேர்ந்து நெல் சாகுபடிக் கையேடு ஒன்று போடக் கேட்டார்கள். பழைய பாமினிக் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினேன், ஒரு வரிகூடத் தமிழாக வரவில்லை. பாமினியில் 'அம்மா' என்று நம் கண்ணுக்குத் தெரிவது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். எல்லாவற்றையும், ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறி தரும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றினேன். யூனிகோடை நேராகப் படிக்கும் ஸீலாடெக் என்ற லாடெக் வகையில் ஓட்ட வேண்டும் என்று தெரிந்தது. எழுத்துரு தரும் இடத்தில் இது தமிழ் எழுத்து என்றும் சொல்ல வேண்டும். நான் அதை விட்டுவிட்டேன். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. அந்த ஒரு சொல்லைச் சேர்த்ததும் கொம்புகள் தம் இடத்துக்கு வந்துவிட்டன.

வரிகளைப் பிரிக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நான் பழகிய மென்பொருள்கள் ஒரு வரியை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகும். அதனால் ஒரு வரி நெருக்கமாகவும் அடுத்த வரி ஓட்டை ஓட்டையாகவும் வரும். டெக் பத்தி முழுவதையும் ஒருசேரப் பார்த்து, இடைவெளியை எல்லா வரிகளுக்கும் பங்கிடுகிறது. முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் போல. தலைமடைக்காரர் நிறையப் பாய்ச்சிக்கொண்டால் கடைமடை காயும் என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் தமிழில் சொற்கள் புணர்ந்து நீண்டுவிடுகின்றன. எங்கே உடைக்கலாம் என்று தெரியாவிட்டால் எவ்வளவு நல்ல பங்கீடும் ஓரத்தைத் தாண்டும். மொழி தமிழ் என்று சொல்லி, தமிழுக்கான சொல்பிரிப்பு விதிகளைச் சேர்த்த பிறகு பத்திகள் அடங்கின.

அந்தக் கையேட்டில்தான் மோசமான பிழை நடந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல்லைக் கொண்டுபோவது பற்றி ஒரு பத்தி. ஈரப்பதம் 17% வரை இருக்கலாம் என்பது பொதுவான வரம்பு. அதற்கு மேல் இருந்தால் எப்படிக் காயவைப்பது, மழையில் எப்படி மூடிவைப்பது என்று பத்தி தொடரும். மெய்ப்புப் பார்க்க வந்த பெரியவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"என்னம்மா, பதினேழோட நின்னுபோச்சு? அதுக்கு அப்புறம் என்ன செய்யணும்னுதானே மனுஷன் படிப்பான்?"

ஒன்றும் புரியாமல் மூலக் கோப்பைத் திறந்தேன். அங்கே பத்தி முழுதாக இருந்தது. லாடெக்கில் சதவீதக் குறி வந்தால், அந்த வரியில் அதற்குப் பின்னால் இருப்பது எழுதுபவரின் சொந்தக் குறிப்பு என்று பொருள். அச்சில் வராது. பிழைச் செய்தியும் இல்லை. நான் பத்தி முழுவதையும் எண்டர் தட்டாமல் ஒரே வரியாக அடித்திருந்தேன், அதனால் மீதி மொத்தமும் போய்விட்டது. குறிக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டிருந்தால் போதும். திரையில் அந்தப் பகுதி வேறு நிறத்தில்தான் தெரிந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. பெரியவர் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தப் பக்கம் அப்படியே வீடுகளுக்குப் போயிருக்கும். ஈர நெல்லோடு நிற்கிறவருக்கு வேண்டியதே அந்த வரிகள்தான். அன்று ராத்திரி கையேட்டில் இருந்த ஒவ்வொரு சதவீதக் குறியையும் தேடிப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போனேன். அப்புறம் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்றுதான் அடிக்கிறேன். குறி தப்பினாலும் ஒரு வாக்கியத்தோடு நிற்கும், தேடுவதும் எளிது.

ஒற்றைப் பக்க அழைப்பிதழுக்கு நான் இன்னும் பழைய முறையைத்தான் பிடிக்கிறேன். படமும் அலங்காரமும் இங்கொன்றும் அங்கொன்றுமாக வைக்க வேண்டிய வேலைக்கு லாடெக் ஒத்துவராது. நூறு பக்கத்தைத் தாண்டினால், அட்டவணையும் எண்களும் மிகுந்தால், வேறு எதையும் தொட மாட்டேன்.

இப்போது கையில் இருப்பது பாரம்பரிய நெல் ரகங்கள் பற்றிய ஒரு நூல். கடைசியில் எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் அகரவரிசைப் பட்டியல் வேண்டும் என்றார்கள். அதைத் தானாகச் செய்யும் வசதி உண்டு. ஓட்டிப் பார்த்தால் குள்ளக்கார் முன்னாலும் குழியடிச்சான் பின்னாலும் வந்தன. யூனிகோடு வரிசையில் ள-வுக்குப் பிறகுதான் ழ வருகிறது. நாம் படித்த வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. அதேபோல ற போய் ர-வுக்குப் பக்கத்திலும் ன போய் ந-வுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் வரிசைக்கான சாவி ஒன்றைத் தனியாகக் கொடுத்தால் அந்தச் சாவிப்படி அடுக்கும், அச்சில் பெயர் மட்டும் வரும். எழுத்துக்கு ஓர் எண் என்று ஒரு தாளில் எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பூங்கார் வரை வந்துவிட்டேன். மாப்பிள்ளைச் சம்பாவிலிருந்து நாளைக்குத் தொடர வேண்டும்.