புதன்கிழமை என்ன ஆச்சு?

"புதன்கிழமை என்ன ஆச்சு?" என்று பதறிப்போய்க் கேட்டார் கூட வேலை பார்ப்பவர்.

ஒன்றும் ஆகவில்லை. திங்கள் முதல் ஞாயிறு வரை சர்வரின் மெமரி பயன்பாட்டை, நாளுக்கு ஒரு கட்டமாக, ஒரே வரி வரைபடமாக அனுப்பியிருந்தேன்:

▁▃█▃▅▁▃

குறைந்தது 61 சதவீதம், அதிகம் 64. மூன்றே புள்ளி வித்தியாசம். குறைந்ததைத் தரையாகவும் அதிகமானதைக் கூரையாகவும் வைத்தால், கரப்பான்பூச்சியும் யானை உயரம் தெரியும்.

சரி என்று 0 முதல் 100 வரை அளவு வைத்து மறுபடி போட்டேன்:

▅▅▅▅▅▅▅

அவர் முகத்தில் நிம்மதி. (உடல் வெப்பநிலைக்கு இப்படிப் பூஜ்ஜியத்திலிருந்து வரைந்தால், காய்ச்சலே தெரியாது. அங்கே முதல் முறைதான் சரி. வரியின் இரு முனையிலும் எண்ணை எழுதிவிட வேண்டும்.)

அப்புறம்தான் முதல் வரியில் இன்னொரு கோளாறு கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை 63. அது ▆ ஆக வந்திருக்க வேண்டும், ▅ ஆக வந்திருந்தது.

▁ முதல் █ வரை இருப்பது எட்டு கட்டங்கள். நானோ, எண் தரையிலிருந்து கூரை வரை எவ்வளவு பங்கு ஏறியிருக்கிறது என்ற விகிதத்தை 7ஆல் பெருக்கி, தசமத்தை வெட்டியிருந்தேன். அப்படிச் செய்தால் உச்ச எண் ஒன்றுக்கு மட்டுமே █ கிடைக்கும்; மற்ற எல்லாம் மீதி ஏழு கட்டத்தில் நெருக்கியடித்து உட்காரும். 8ஆல் பெருக்கி வெட்டி, உச்சத்தை மட்டும் ஒரு படி இறக்கினால் எட்டுக்கும் சம பங்கு.

திருத்திவிட்டேன். ஏழு நாளும் ஒரே எண் வந்தால் தரைக்கும் கூரைக்கும் வித்தியாசமே இருக்காது; பூஜ்ஜியத்தால் வகுத்து நிரல் படுத்துவிடும். அது நாளைய வேலை.