விண்கப்பல் விடுதிக்கு நான் ஏன் மயங்கவில்லை: செட்டிநாட்டுப் பயணக் குறிப்புகள்

காரைக்குடியிலிருந்து வந்து இறங்கிய சூட்டோடு இதை எழுதுகிறேன். செட்டிநாட்டுக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதித் தரும்படி அலுவலகத்தில் பலர் கேட்டிருந்தார்கள், அதையும் எழுதுகிறேன். ஆனால் இந்தப் பயணத்தில் ரயிலிலும் பேருந்திலும் சாப்பாட்டு இலை முன்னும் எங்களை விடாமல் தொடர்ந்தது ஒரு விவாதம். அமெரிக்காவின் புளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் திறந்து, இரண்டு ஆண்டு நிறைவதற்குள் மூடிவிட்ட விண்கப்பல் விடுதியைப் பற்றியது அது. ‘ஸ்டார் வார்ஸ்’ விண்வெளித் திரைப்படங்களின் கதையை வைத்துக் கட்டிய விடுதி.

உடன் வந்தவன் என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி. அதே புளோரிடாவில் டாம்பா நகரில் வேலை பார்க்கிறான். அந்த விடுதி இருந்த டிஸ்னி வளாகம் அவன் வீட்டிலிருந்து காரில் காலையில் போய் இரவில் திரும்பிவிடக்கூடிய தொலைவு. வாடகைக்கு வீடியோ கேசட் எடுத்த காலத்திலிருந்தே நாங்கள் இருவரும் ஸ்டார் வார்ஸ் பைத்தியங்கள். இருந்தும் அவன் அங்கே போகவில்லை. கட்டணத்தைப் பார்த்தான், மனைவியிடம் சொன்னான், பிள்ளைகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டான், அத்தோடு விட்டுவிட்டான். அது இல்லாமல் போனபின், போயிருக்கலாமோ என்ற ஏக்கம் அவனைப் பிடித்துக்கொண்டது. போகாததே சரி என்பது என் கட்சி.

அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ‘கேலக்டிக் ஸ்டார்குரூசர்’ என்ற அந்த விடுதி 2022 மார்ச் 1 அன்று திறக்கப்பட்டது. விருந்தினர்கள் ‘ஹால்சியன்’ என்ற சொகுசு விண்கப்பலில் ஏறி இரண்டு இரவுகள் பயணம் செய்வதாகக் கதை. மொத்தம் 100 அறைகள். சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் விண்வெளியைக் காட்டும் திரை இருக்கும். கப்பல் தலைவி, அதிகாரி, பாடகி, இயந்திரப் பணியாள் என்று நடிகர்கள் உங்களோடு பேசி, உங்களையும் கதைக்குள் இழுத்துக்கொள்வார்கள். யார் பக்கம் சேர்வது என்று நீங்கள் முடிவெடுக்கலாம். ஒளிவாள் பயிற்சியும் உண்டு. உணவும், பக்கத்துப் பூங்காவுக்கு ஒருநாள் அனுமதியும் கட்டணத்தில் அடக்கம். அந்தக் கட்டணம் இருவருக்கு 4,800 டாலரில் தொடங்கியது. அன்றைய மதிப்பில் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆறாயிரம் டாலரைத் தொட்டது. 2023 மே மாதம் மூடப்போவதாக அறிவித்தார்கள். செப்டம்பர் இறுதியில் மூடியேவிட்டார்கள்.

திறப்பதற்கு முன்பே விசிறிகள் பலருக்கு ஐயம் வந்துவிட்டது. விளம்பரத்துக்காக வெளியிட்ட ஒரு காணொளி, இவ்வளவு பணத்துக்கு இதுதானா என்ற கேள்விகளைக் கிளப்பியதால், அதை எடுத்துவிட நேர்ந்தது. கதை நடக்கும் காலம் புதிய படங்களின் காலமாக இருந்ததால், பழைய படங்களின் நாயகன் லூக்கையும் வில்லன் டார்த் வேடரையும் தேடிய பழைய விசிறிகளுக்கு மனக்குறை. பணம் இல்லாத ஆற்றாமையில் இப்படிப் பேசுகிறார்கள் என்று அப்போது சிலர் எழுதினார்கள். அதை நான் அடியோடு மறுக்கிறேன். 1977இல் வந்த முதல் படம் எங்களைக் கட்டிப்போட்டதற்குக் காரணமே அதிலிருந்த பொருள்கள் எல்லாம் புழங்கிய பொருள்களாக இருந்ததுதான். கப்பல் அடிபட்டு, கரிபிடித்து, ஒட்டுப்போட்டு ஓடியது. எந்திரன்கள் பழைய பொருள்களாக விற்கப்பட்டன. நீலப் பால்கூட ஒரு விவசாயக் குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில்தான் இருந்தது. அந்த உலகத்தில் காசு கொடுத்து இரண்டு இரவு தங்கச் சொல்லும்போது, கீறல் ஒன்றுகூட இல்லாத சொகுசுக் கப்பலை நீட்டினால், கதையை நேசித்தவர்களுக்கு அது எப்படி ஒட்டும்?

பழைய செட்டியார் மாளிகைகள் நிறைந்த கானாடுகாத்தான் போய்ச் சேர்ந்த அன்றைக்கே இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு பதில் கிடைத்தது. ஆனால் அதற்கு முன் அந்தப் பேருந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காரைக்குடியிலிருந்து ஏறும்போதே, ஊருக்குள் போகுமா என்று தெளிவாகக் கேட்டோம். போகும் என்று நடத்துநர் தலையாட்டினார். ஆனால் நெடுஞ்சாலை விலக்கில் நிறுத்தி, “இங்கேயே இறங்கிக்கிருங்க, பக்கந்தான்” என்று பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டார். பாடல் பெட்டியின் இரைச்சலில் நாங்கள் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. சித்திரை வெயிலில் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தோம். உள்ளூர் மக்களுக்கு நாள்தோறும் இதுதான் நடக்கிறது என்றால் அது கொடுமை.

தங்கிய இடம் பழைய செட்டியார் வீடு ஒன்றை விடுதியாக்கிய இடம், பெயர் வேண்டாம். ஓர் இரவுக்குப் பதினான்காயிரம் ரூபாய். செட்டிநாட்டு வாழ்க்கையை உள்ளிருந்து வாழ்ந்து பார்க்கலாம் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. தம்பி ஆசைப்பட்டான் என்பதற்காகவே ஒப்புக்கொண்டேன். வரவேற்பில் சந்தனமும் பானகமும் கொடுத்துக் கூடவே ஓர் அச்சிட்ட தாளையும் கொடுத்தார்கள். காலை ஆறு மணிக்குக் கோலம், பதினொரு மணிக்குச் சமையல் விளக்கம், மாலை ஐந்தரைக்கு மாட்டுவண்டி, ஏழு மணிக்கு நாதசுரம். தம்பி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். அந்த விண்கப்பலிலும் இப்படித்தான். எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் செல்பேசிச் செயலி சொல்லிக்கொண்டே இருக்குமாம்.

அறை பழைய வீட்டுக்குள் இல்லை. பின்னால் புதிதாகக் கட்டிய பகுதியில் கொடுத்தார்கள். தரை பார்த்தவுடன், பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூந்தரைக் கல் போலவே இருந்தது: சிவப்பு, மஞ்சள், பச்சை, நடுவில் பூ. நான் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு கல்லிலும் பூவின் இடப்பக்க இதழோரத்தில் ஒரு சிறு கரும்புள்ளி. அடுத்த கல்லிலும் அதே இடத்தில் அதே புள்ளி. கட்டில் அடியில் எட்டிப் பார்த்தாலும் அதே புள்ளி. எங்கோ ஓர் உண்மையான கல்லைப் படமெடுத்து, அதன் குறையோடு சேர்த்து எந்திரத்தில் அச்சடித்து ஒட்டிய தரை அது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. நாற்பது ரூபாய் டிக்கெட்டுக்குள் அடங்கும் தொலைவில் அசல் கல் செய்யும் ஊரை வைத்துக்கொண்டு, பதினான்காயிரம் வாங்கிக்கொண்டு, நகலை விரிக்கிறார்கள். மேலாளரிடம் கேட்டேன். பராமரிக்க இதுதான் எளிது என்றார். விண்வெளியைக் காட்டும் திரையையும் யாரோ இதே காரணத்தைச் சொல்லித்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று தம்பியிடம் சொன்னேன்.

மறுநாள் காலை ஆத்தங்குடிக்குப் போனோம். ஒரு பட்டறையில் கல் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார்கள். வழவழப்பான கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவடிவ அச்சை இறக்கி, ஒவ்வொரு கண்ணறையிலும் வண்ணக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார் ஒருவர். அச்சைத் தூக்கும் நொடியில் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு, எல்லைக்கோடு மயிரிழை அளவுக்கு நெளிகிறது. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கலவையை நிரப்பி, மட்டம் தட்டி வைக்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு வெயில். சூளை கிடையாது, பளபளப்பு முழுவதும் அந்தக் கண்ணாடி கொடுப்பது. கண்ணாடியை விலக்கியபோது தம்பி கையால் தடவிப் பார்த்து, நெளிந்த அந்தக் கோட்டிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு கற்கள் ஒன்றுபோல் இருக்காது. நடக்க நடக்க மெருகு கூடும் என்றார் பட்டறைக்காரர். பார்க்க வந்ததற்குக் காசு எதுவும் கேட்கவில்லை.

அங்கிருந்து ஒரு பழைய வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர்கள் வெளியூரில், பார்த்துக்கொள்பவர் ஒரு பெரியவர். ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, “வாங்கத்தா, மெதுவா உள்ள வாங்க, நெலப்படி ஒசரம், தலை பத்திரம்” என்று திறந்துவிட்டார். பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கும் முகப்பு, அதைத் தாண்டி வளவு, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர் இன்னும் கன்னம் வைத்தால் குளிர்கிறது. ஓர் அறையின் வாசல் நிலையில், பிள்ளைகள் வளர வளரக் கரிக்கோட்டால் உயரம் குறித்துவைத்திருக்கிறார்கள். கோடுகள் ஓர் உயரத்தில் நின்றுவிட்டன. முற்றத்தின் ஓரக்கல், மழைத் தண்ணீருக்கு அண்டா வைத்து வைத்துக் குழிந்திருக்கிறது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் நடந்த கொடுக்கல் வாங்கலில் எழும்பிய வீடுகள் இவை. இரண்டாம் உலகப் போரும் அதற்குப் பிந்திய அரசியல் மாற்றங்களும் அந்தத் தொழிலை முறித்தபின் எத்தனையோ வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இடித்துத் தூண்களை விற்றவர்களும் உண்டு.

முற்றத்தில் நின்றுகொண்டு தம்பி சொன்னான்: அந்த விண்கப்பலில் வெளிக்காற்று படும் ஒரே இடம் ஒரு சிறிய திறந்த தோட்டம்தானாம், அதையும் தட்பவெப்பத்தைச் செயற்கையாக உருவாக்கும் கூடம் என்று கதைக்குள் சேர்த்துவிட்டார்களாம். அந்த அறிவுக்கூர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் வானத்துக்கே ஒரு கதை கட்டித்தான் உள்ளே விட வேண்டும் என்றால், அந்த உலகத்தில் விருந்தினர் தாமாகக் கண்டுபிடிக்க என்ன மிஞ்சும்? வாசல் நிலையில் இருந்த கரிக்கோடுகளை எங்களுக்கு யாரும் காட்டவில்லை. அவை எந்த நிகழ்ச்சி நிரலிலும் இல்லை. விசிறி தேடுவது இதைத்தான். படத்தை நிறுத்தி நிறுத்தி, ஓரத்தில் கிடக்கும் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறவர்கள் நாங்கள்.

தம்பி தன் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. அவன் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு: போய் வந்தவர்களில் பலர் அந்த நடிகர்களை இன்றும் கொண்டாடுகிறார்கள், இரண்டு நாள் முழுக்கப் பாத்திரத்தை விட்டு வெளியே வராமல், ஒரு சிறுமியின் பெயரை நினைவில் வைத்துக் கதையில் அவளுக்கு ஓர் இடம் கொடுப்பது எளிய வேலையல்ல, அவ்வளவு பேருக்குச் சம்பளம் கொடுத்தால் கட்டணம் ஏறத்தானே செய்யும் என்றான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய ஆடும் கூத்துக்காரர்களை யாரும் நூறு அறைக்குள் அடைத்து விற்பதில்லை. அந்த நடிப்பைப் பூங்காவுக்குள், சாதாரண டிக்கெட் வாங்கியவர்களும் பார்க்கும்படி வைத்திருந்தால், தம்பியின் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். மூடிய கதவுக்குள் வைத்ததால் அது விலையால் ஒரு கூட்டத்தை வெளியே நிறுத்தியது. பிறகு அறைகளை நிரப்ப அதே கூட்டம் இல்லாமல் தவித்தது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. விடுதியில் இரவு உணவுக்கு ஆளுக்கு ஆயிரத்து இருநூறு வாங்கிக்கொண்டு, காரத்தைக் குறைத்துச் சாரத்தையும் குறைத்திருந்தார்கள். காரைக்குடியில் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் உள்ள ஒரு மெஸ்ஸில் மதியம் உட்கார்ந்தோம். இலையில் சோறு, நண்டு ரசம், வரமிளகாயும் சின்ன வெங்காயமும் மட்டும் போட்டுச் சுருள வதக்கிய உப்புக்கறி, கல்பாசி மணக்கும் கோழிக் குழம்பு, கடைசியில் தேங்காய்ப்பூ தூவிய கவுனி அரிசி. பரிமாறிய ஆச்சி, “என்னப்பா, தொட்டுக்கிட்டே இருக்க, பெசஞ்சு சாப்புடு” என்று தம்பியை அதட்டிவிட்டு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். இருவருக்கும் சேர்த்து ஐந்நூற்று இருபது ரூபாய். கவுனியை மட்டும் மறுபடி வாங்கிச் சாப்பிட்டோம். இந்த வேளைக்காக மட்டுமே நான் மறுபடி ரயில் ஏறுவேன்.

கார் ஓட்டுநர் விஷயம் கசப்பு. கானாடுகாத்தானிலிருந்து ஆத்தங்குடி பார்த்துக் காரைக்குடியில் விட ஆயிரம் என்று பேசி ஏறினோம். இறங்கும்போது காத்திருப்புக்கு, கூடுதல் தெருவுக்கு, டீசலுக்கு என்று ஆயிரத்து அறுநூறு கேட்டார். தம்பியின் பேச்சில் அமெரிக்க வாடையைப் பிடித்துவிட்டார் என்பதே என் கணிப்பு. நான் ஆயிரத்து நூறோடு நிறுத்திக்கொண்டேன். போகிறவர்கள் காத்திருப்பையும் சேர்த்து முன்கூட்டியே பேசி, செல்பேசியில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

மற்றவை: சென்னை எழும்பூரிலிருந்து பிற்பகலில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ் இரவில் காரைக்குடியில் விட்டுவிடும். ஊருக்குள் ஆயிரத்து ஐந்நூறுக்கு நல்ல குளிர்சாதன அறை கிடைக்கிறது; மாளிகை விடுதிகளுக்குப் பணம் கட்டுவதென்றால், அறை பழைய வீட்டுக்குள்தானா என்று கேட்டு, தரையின் படத்தையும் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சொல்லும் விலையை அப்படியே கொடுக்காதீர்கள்; தம்பி ஒரு எனாமல் தூக்குச்சட்டியை அரை விலைக்குப் பேசி வாங்கினான், மூடியில் யாரோ ஒருவரின் தலைப்பெழுத்து பொறித்திருக்கிறது. ஆத்தங்குடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிய பின் கல் காயும் முற்றத்தில் நிற்க முடியாது.