அரிசி மூட்டையும் ஆறு கிண்ணம் டீயும்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் 26 வருடம் கணக்கு எழுதினேன். சின்ன முதலாளி தலையெடுத்ததும் கணக்கு கம்ப்யூட்டருக்குப் போனது, நான் வீட்டுக்குப் போனேன். வயது 53. "வால்பாறைப் பக்கம் ஒரு டீ பாக்டரியில ஸ்டோர் கீப்பர் வேலை இருக்கு மாமா, போறீங்களா?" என்றான் மச்சினன் மகன்.

அந்தக் காலமெல்லாம் மலையேறிப்போச்சு என்று ஊரில் அலுத்துக்கொள்வோம். ஒரு ஜூலை மாதம் நானே மலையேறினேன். கூடவே 25 கிலோ பொன்னி அரிசி மூட்டையையும் ஏற்றிவிட்டாள் வீட்டுக்காரி. மலை அரிசி எனக்குச் செரிக்காதாம்! மலையில் நெல்லா விளைகிறது, எல்லாம் கீழேயிருந்துதானே போகிறது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. ஒன்பதாவது வளைவில் பஸ்ஸே எட்டி அணையைப் பார்த்து ரசித்தது. நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தேன். பதினாலில் எலுமிச்சம்பழம் தோற்றது. மீதி 26 வளைவையும் கண்ணை மூடிக்கொண்டே எண்ணினேன். கணக்கெழுதிய புத்தி.

குவார்ட்டர்ஸில் மூட்டையை இறக்கியதும் டீமேக்கர் கேட்டார்: "யாருக்கு அண்ணாச்சி இவ்வளவு அரிசி?"

"எனக்குத்தான்."

"யானையும் அப்படித்தான் நினைக்கும்."

ரேஷன் கடை, சத்துணவுக் கூடம் என்று கதவை உடைத்து அரிசி தின்கிற யானைகள் உள்ள ஊராம். பக்கத்தில் யானை நடமாடினால் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். யானையைப் பார்த்தவர்கள் அந்த விளக்குக்கான நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்து எரியவிடுவார்கள். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

டீமேக்கர் என்றதும் டீக்கடை மாஸ்டர் என்று நினைத்துவிடாதீர்கள். கொழுந்தை வாட்டி, சிடிசி என்கிற மெஷின் உருளையில் நசுக்கி, செம்பு நிறம் வரும்வரை ஆறவிட்டு, டிரையரில் காயவைப்பது வரை தயாரிப்பு மொத்தமும் அவர் கையில். நாலரை கிலோ பச்சை இலை போட்டால் ஒரு கிலோ தூள் தேறும். மறுநாள் சாயங்காலம் மேஜையில் ஆறு கிண்ணம் டீ வரிசையாக இருந்தது. பால் இல்லை, சர்க்கரையும் இல்லை. "டேஸ்ட் பாருங்க அண்ணாச்சி" என்றார்.

முதல் கிண்ணத்திலேயே நாக்கு மரத்துவிட்டது. இருந்தாலும் புது இடம், மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. ஆறையும் மிச்சம் வைக்காமல் குடித்தேன். அப்புறம் அவர் வேறு கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, தொட்டியில் துப்பினார்.

"துப்பணுமா?"

"ஆமா. உங்களுக்குத் தாகம்போலன்னு விட்டுட்டேன்."

அன்றைக்கு ராத்திரி எஸ்டேட்டே தூங்கியது, என்னைத் தவிர. இரண்டு மணிக்கு, மழைச் சத்தத்துக்கு நடுவே, பின்சுவரில் ஏதோ உரசியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்மேட்டில் சிவப்பு விளக்கு.

அடுப்படியிலிருந்த மூட்டையைத் தரதரவென்று இழுத்துவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே படுத்துக்கொண்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது: அரிசி வேண்டுமென்றால் யானை இனி முதலில் என்னைத்தான் எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். திரும்ப அடுப்படிக்கே இழுத்தேன். சுவர் மறுபடி உரசியது. கை தானாக வீட்டுக்குப் போன் போட்டது.

"வெளியே யானை நிக்குது" என்று கிசுகிசுத்தேன்.

அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. "ஏங்க, மூட்டையை எங்க வச்சிருக்கீங்க?"

விடிந்து பார்த்தால் டீமேக்கர் வீட்டு வாழைமரம் நாலும் காணோம். சாணம் மட்டும் என் வாசலில். "ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா அண்ணாச்சி?" என்று அவர் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்து கிலோ மட்டும் வைத்துக்கொண்டு மிச்ச அரிசியை அன்றைக்கே பாடியில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில், உள்ளவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஆடி முடிந்ததும் வருகிறாளாம், இன்னொரு மூட்டையோடு.