நிற்கும் நாளின் செலவு

மீன்பிடித் தடைக்காலத்தில் ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துக்குப் போயிருந்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால், கரையெங்கும் பெயிண்ட் வாசனை, பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கும் சத்தம். இங்கிலாந்தில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேரவன் ஒன்றை வாங்கிய சந்தோஷத்தில் ஃபோனில் இருந்த படங்களைக் காட்டினேன். அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாவற்றையும் பார்த்த சித்தி, “வீட்டையே காருல கட்டி இழுத்துக்கிட்டு எங்கத்தா போறீங்க?” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

சித்தப்பா சிரிக்கவில்லை. படகு வைத்திருந்தவர். “ஓடுற நாளை விடு. நிக்கிற நாளுக்கு எவ்வளவு தின்னும்?” என்றார்.

சுருக்கென்றது. விற்ற இடத்தில் மெத்தையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். இந்தக் கேள்விக்கு அங்கே யாரும் வாய் திறக்கவில்லை.

என் கணவருக்கு முதலில் மோட்டார்ஹோம் மீதுதான் ஆசை. ஆனால் அது எஞ்சினோடு தானே ஓடும் முழு வாகனம். சாலை வரி, காப்பீடு, மூன்று வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எம்.ஓ.டி. சோதனை எல்லாம் உண்டு. 1997-க்குப் பிறகு கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் பொதுவாக 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். பெரிய வண்டிகள் அதைத் தாண்டிவிடும். கேரவனுக்குத் தனியாகச் சாலை வரியும் இல்லை, எம்.ஓ.டி.யும் இல்லை. இழுத்துச் செல்வதற்கென்று இருந்த தனித் தேர்வையும் 2021 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். சாமான் ஏற்றிய கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருப்பது புதியவர்களுக்கு நல்லது என்பார்கள். எங்கள் கார் அதற்குத் தாங்கும். சரி என்று 8,500 பவுண்டுக்குப் பழைய கேரவன் ஒன்றை வாங்கினோம்.

மற்ற செலவுகளைச் சித்தப்பாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பழைய கேரவன்களில் மேலே அலுமினியத் தகடு, உள்ளே மரச்சட்டம். மூட்டு ஒன்று விட்டுப்போனால் மழைநீர் உள்ளே இறங்கி மரத்தைத் தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் ஆண்டுதோறும் ஈரம் அளக்கும் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். “பலகையைத் தட்டிப் பாக்குற மாதிரிதான்” என்றார். டயர் தேயாவிட்டாலும் ஐந்து முதல் ஏழு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறார்கள். பியூட்டேன் வாயு பூஜ்ஜியம் டிகிரிப் பக்கம் வந்தாலே ஆவியாகாமல் அடுப்பு படுத்துவிடும்; குளிருக்கு ப்ரொப்பேன் சிலிண்டர்தான்.

என்னால் இன்னும் ஆறவே முடியாதது நிறுத்துமிட வாடகை. எங்கள் வீட்டுப் பத்திரத்தில் வாசலில் கேரவன் நிறுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. சொந்த வீடு, சொந்த வாசல், சொந்த வண்டி. ஆனால் ஊருக்கு வெளியே வேலி போட்ட இடத்தில் மாதம் 45 பவுண்டு கட்டி விட்டுவைத்திருக்கிறோம். காப்பீட்டுக்காரர்கள் சக்கரப் பூட்டும் கொக்கிப் பூட்டும் கேட்டார்கள், அதையும் வாங்கினோம். குளிர்காலம் முழுவதும் அது அங்கே கிடக்கும். ஊரில் எங்கள் தெருவில் சின்ன வயதில் வல்லம் என்கிற நாட்டுப்படகை மேலே இழுக்க ஒரு குரல் கொடுத்தால் போதும், எதிர்வீட்டு ஆட்கள் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பனை நிழலில் யாருடைய வல்லம் யாருடைய வீட்டுக்கு முன்னால் கிடக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளைகள் நாங்கள் அதற்குள் உட்கார்ந்துதான் நுங்கு தின்போம். அந்த 45 பவுண்டு கணக்கில் இருந்து போகிற ஒவ்வொரு மாதமும் எனக்கு இது ஞாபகம் வரும்.

இத்தனைக்கும் இங்கிலாந்து வாழ்க்கை எங்களுக்குப் பழகிவிட்டது என்றுதான் சொல்வேன். வேல்ஸ் கடற்கரையில் நிறுத்தி, மழைச் சத்தத்தில் தேநீர் குடிக்கிற சுகத்தை வேறு எங்கும் கண்டதில்லை. அங்கே மேக்கரல் மீன் வாங்கி, ஊரிலிருந்து கொண்டுபோன முண்டு மிளகாயை அரைத்துக் குழம்பு வைத்தேன். பக்கத்து கேரவன் அம்மா வாசனை பிடித்து எட்டிப் பார்த்தார். ஒரு கிண்ணம் கொடுத்தேன், கண்ணில் தண்ணீரோடு முழுதும் சாப்பிட்டார். எனக்கோ கச்சான் காற்றும் பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்துபோகும் சத்தமும் மனதில் வந்து நின்றன.

சித்தப்பா நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டார். நிறுத்துமிடம் 540, காப்பீடு 300, சர்வீஸ் 250, டயருக்கும் பேட்டரிக்கும் ஒதுக்குவது 150. ஆக 1,240 பவுண்டு. “ஓடாமலே ஒண்ணேகால் லட்சம் ரூபாய்க்கு மேலயா!” என்றார் சித்தி. “எத்தனை ராத்திரி படுப்பீங்களோ, அதால வகு” என்றார் சித்தப்பா. முப்பது இரவு என்றால் இரவுக்கு 41 பவுண்டு. கேரவனோடு தங்கும் முகாமின் கட்டணம் இரவுக்கு முப்பது சேர்த்தால் 71. பெட்ரோல் தனி, இழுக்கும்போது நன்றாகவே கூடும். பள்ளி விடுமுறையில் நாலு பேருக்கு ஓட்டல் அறை எடுப்பதைவிட இது எங்களுக்குக் கட்டுப்படியாகும். பத்தே இரவு என்றால் கட்டாது. அதனால் ஈஸ்டர், மே, ஆகஸ்ட் விடுமுறைகளுக்கு இப்போதே முகாம் பதிவு செய்துவிட்டோம். மாதம் 105 பவுண்டு தனிக் கணக்கில் போகிறது.

ஆகஸ்டுக்குச் சித்தப்பாவையும் சித்தியையும் வரச் சொல்லியிருக்கிறேன். அந்த மரச்சட்டத்தை அவர் தன் கையால் ஒருமுறை தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கருவி சொல்வதைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.