அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கே தனியார் கல்லூரிகளிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "சீட் தீர்ந்துபோகுது, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க" என்பார்கள், வீட்டில் இருக்கிற நகை அடகுக் கடைக்குப் போய்விடும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அரசு நடத்தும் கவுன்சலிங் முடியும்வரை யாருக்கும் பத்துப் பைசா கொடுக்காதீர்கள்.

காரணம், பெரிய சலுகைகள் கவுன்சலிங்கில் சேர்ந்தால்தான் கிடைக்கும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிற முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, கல்லூரியே நிரப்பிக்கொள்கிற மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. அதில் இடம் கிடைத்தால் விடுதிக் கட்டணத்தைக்கூட அரசே கட்டிவிடும். அந்தப் பிள்ளையின் அப்பா நகையை வைத்து அட்வான்ஸ் கட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

முதல் பட்டதாரி, வருமானம், சாதி, இந்தச் சான்றிதழ்களுக்குப் பரீட்சை முடிந்த கையோடு இ-சேவையில் போட்டுவிடுங்கள். ரிசல்ட்டுக்கு அப்புறம் போனால் தாலுகாவே அங்கேதான் நிற்கும். அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் முதல் பட்டதாரி சான்றிதழ் கிடைக்காது, அதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, இதெல்லாம் போகவும் பணம் போதவில்லை என்றால் கல்விக்கடன். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கிகளின் பொதுவான மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேட்கக் கூடாது, நம் கையிலிருந்து ஒரு பங்கு போடவும் சொல்லக் கூடாது. மேனேஜர் வேறு மாதிரி பேசினால் எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

ஆனால் கடன் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள் யாரும் உட்கார்ந்து வட்டிக் கணக்குப் போடுவதில்லை. வருஷத்துக்கு 1 லட்சம் வீதம் நாலு வருஷம் வாங்குகிறோம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், வட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தனி வட்டிதான் என்றாலும் அந்த ஐந்தாவது வருஷ முடிவில் 4 லட்சம் 5 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் 7,100 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். படிக்கும்போதும் அந்த ஐந்தாவது வருஷத்திலும் வட்டியை மட்டும் கட்டி வந்திருந்தால் தவணை 5,300-க்குள் அடங்கியிருக்கும். முதல் வருஷத்து வட்டி மாதத்துக்கு 833 ரூபாய்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 வருகிறதே, அதைத் தொடாமல் விட்டாலே போதும். இரண்டாம் வருஷத்திலிருந்து வட்டி ஏறும், முழுதாகக் கட்ட முடியாவிட்டாலும் முடிந்ததைக் கட்டுங்கள்.

குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் வட்டி மானியம் பற்றியும் வங்கியில் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுத்தால்தான் சீட் என்று எந்தக் கல்லூரி சொன்னாலும் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி. கையில் நாலு செட் ஜெராக்ஸ் வைத்துக்கொண்டு போங்கள்.